சோழவரம் ரேஸும் எங்கள் மலைப்பாதையும்

இந்த வருடப் பொங்கலுக்கு மகள், மருமகன், பேரன் மூவரும் கோயம்புத்தூரிலிருந்து பூம்பாறைக்கு வந்திருந்தார்கள். வந்த அன்று பேரன் யாருடனும் பேசவில்லை. எங்கள் வீட்டில் மொட்டை மாடியின் ஒரு மூலையில்தான் போனுக்கு சிக்னல் சரியாகக் கிடைக்கும். அந்த மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஜனவரி மாதக் குளிர் எங்கள் ஊரில் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடிந்தால் பூண்டு வயலெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தக் குளிரில் ராத்திரி பதினோரு மணிக்கும் அவன் கீழே இறங்கவில்லை.

என்னதான் பார்க்கிறான் என்று மேலே போனேன். துபாயில் 24 மணி நேரக் கார் ரேஸ். நடிகர் அஜித்குமார் சொந்தமாக ஒரு அணி வைத்து அதில் கலந்துகொண்டிருக்கிறார் என்றான்.

"இருபத்து நாலு மணி நேரமும் ஒருத்தரேவா ஓட்டுவார்?"

"இல்ல தாத்தா. ஒரு காருக்கு மூணு நாலு பேர். மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. ஆனா காரு ஒண்ணுதான். அது நிக்காம ஓடணும்."

நானும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து அவன் கேட்டான்: "தாத்தா, நீங்க ரேஸ் நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"சோழவரம்னு கேள்விப்பட்டிருக்கியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினான்.

கார் ரேஸ் என்றால் உயிரையே விடுகிற பையனுக்குச் சோழவரம் தெரியவில்லை. மறுநாள் காலையில் மகள் அடுக்களையில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இவன் செட்டிபாளையம் டிராக்குல டிரெயினிங் போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். நீங்க சொன்னா கேப்பான். வேண்டாம்னு சொல்லுங்கப்பா." இந்த இரண்டும் சேர்ந்துதான் இதை எழுத வைத்தது.

நான் 1980இல் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். பூம்பாறையிலிருந்து சென்னைக்குப் போவதே அந்தக் காலத்தில் ஒரு பெரிய பிரயாணம். காலையில் பஸ் பிடித்துப் பதினெட்டு கிலோமீட்டர் கொடைக்கானல். அங்கிருந்து பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று வளைந்து வளைந்து இறங்கி வத்தலக்குண்டு வழியாகக் கொடை ரோடு ஸ்டேஷன். பிறகு ராத்திரி ரயில். விடிகாலை எழும்பூரில் இறங்கும்போது உடம்பில் ஸ்வெட்டர் இருக்கும், நெற்றியில் வியர்வை வழியும். பட்டறையில் எனக்கு வைத்த பெயர் 'கொடைக்கானல்'. மூன்று வருடமும் என் சொந்தப் பெயரை அங்கே யாரும் கூப்பிடவில்லை.

ஜனவரி மாதம் வந்தால் எங்கள் பட்டறைக்குள் ஒரு ஃபியட் கார் வந்து நிற்கும். வாடிக்கையாளர் ஒருவருடையது. பகலில் மற்ற வண்டிகளின் வேலை நடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மேஸ்திரி அந்த ஃபியட்டின் மேல் போட்ட தார்ப்பாயை எடுப்பார். முதலில் பின் சீட்டைக் கழற்றினார். பிறகு கதவின் உள்பக்க அட்டை, தரைவிரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் போயிற்று. வண்டியின் எடை குறையக் குறைய வேகம் கூடும். அடுத்து என்ஜின். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, அடிப்பக்கத்தை மெல்லிசாகச் சீவி எடுத்து வருவார்கள். அப்படிச் செய்தால் உள்ளே அழுத்தம் கூடும், அதே பெட்ரோலில் அதிக இழுவை கிடைக்கும். ஃப்ளைவீலையும் கடைந்து எடை குறைப்பார்கள். ஒரு கார்பரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு உட்காரும். இதற்கெல்லாம் சாமான் வேண்டுமென்றால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, அங்கே கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை. வெளிநாட்டுச் சாமானை இறக்குமதி செய்ய யாருக்கும் எளிதில் அனுமதி கிடைக்காத காலம் அது. ஒரு கப்பல்காரர் கொண்டுவந்த ஸ்பார்க் பிளக்கை எங்கள் மேஸ்திரி பூஜை அறையில் வைக்காத குறையாக வைத்திருந்தார்.

"இதெல்லாம் எதுக்கு மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"பிப்ரவரியில சோழவரம் வா. தெரியும்" என்றார்.

சோழவரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் சென்னையில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் போருக்காகச் சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. பொட்டல் வெளியில் அகலமான ஓடுதளம் மட்டும் வெயிலில் கிடந்தது.

1953இல் சென்னையில் மோட்டார் பிரியர்கள் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களும் நம்மவர்களும் அதில் இருந்தார்கள். சந்தோக் குடும்பத்தின் இந்து சந்தோக் அவர்களில் ஒருவர். பந்தயம் விட ஒரு தடம் வேண்டுமே! இந்தியாவில் அப்போது பந்தயத்துக்கென்று கட்டிய நிரந்தரத் தடமே கிடையாது. கல்கத்தாக்காரர்கள் பாரக்பூரில் பழைய ஓடுதளத்தில் ஓட்டினார்கள். சென்னைக்காரர்களுக்குச் சோழவரம். போருக்குப் போட்ட தரை விளையாட்டுக்கு வந்தது. ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம், எண்பதுகளின் கடைசி வரை, இந்தியாவில் மோட்டார் ரேஸ் என்றால் சோழவரம்தான்.

நான் முதலில் போனது 1981இல். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாரிமுனையில் பஸ் ஏறினோம். உள்ளே நிற்க இடமில்லை. செங்குன்றம் அரிசி மண்டிகளைத் தாண்டியதும் ஜி.என்.டி. ரோடு முழுக்க ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். சிலர் லாரியின் மேல் நின்றுகொண்டு வந்தார்கள். கல்லூரிப் பையன்கள், பட்டறைப் பையன்கள், கம்பெனித் தொழிலாளர்கள், கழுத்தில் கேமரா மாட்டிய பெரிய மனிதர்கள் எல்லாம் ஒரே தூசியில் நடந்தோம்.

தடம் என்றால் இப்போது டிவியில் பார்ப்பது போல நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓடுதளத்தின் ஓரத்தில் வைக்கோல் கட்டுகளும் பழைய டயர்களும் தகர டிரம்களும். அதற்குப் பின்னால் சவுக்குக் கட்டை கட்டிய வேலி. அந்த வேலிக்குப் பின்னால் நாங்கள். நிழல் என்பது பணம் உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் தலையில் கைக்குட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு, மோரும் வெள்ளரிக்காயும் வாங்கித் தின்றுகொண்டு சாயங்காலம் வரை வெயிலில் நின்றோம். ஒலிபெருக்கியில் இங்கிலீஷ் வர்ணனை ஓடும். எங்களில் பாதிப் பேருக்குப் புரியாது. வண்டியின் நம்பர் மட்டும் புரிந்தால் போதும்.

சத்தத்தைவிட எனக்கு இன்றும் நினைவில் இருப்பது வாசனை. ரேஸ் என்ஜினுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். சூட்டைத் தாங்கும் என்பதால். வண்டிகள் கடந்துபோன பிறகு காற்றில் விளக்கெண்ணெய் எரிந்த மாதிரி ஒரு வாசம் வரும். எங்கள் அப்பத்தா என் வயிற்றில் தேய்த்த அதே விளக்கெண்ணெய்! அந்த வாசம் இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

காலையில் மோட்டார் சைக்கிள்கள். திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரில் செய்த எஸ்டி, ராஜ்தூத். அதே வண்டிகளை நாம் தெருவில் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே ஒருவர் முழங்கால் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து திரும்பியதைப் பார்த்தபோது எனக்கு வாய் மூடவில்லை. பிறகு நம் ஊர்க் கார்கள்: ஃபியட், அம்பாசடர், வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். கடைசியாகப் பந்தயத்துக்கென்றே செய்த ஒற்றை இருக்கை வண்டிகள். கோண்டல் மகாராஜா சோழவரத்தில் ஓட்டியவர். ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஓடிய என்சைன் காரை விஜய் மல்லையா கொண்டுவந்து ஓட்டியதும் அந்த வருடங்களில்தான். கோயம்புத்தூரிலிருந்து கரிவரதன் வருவார். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை. ஆனால் தானே கையில் ஸ்பேனர் பிடிக்கிறவர் என்று எங்கள் மேஸ்திரிக்கு அவர் மேல் தனி மரியாதை. இலங்கையிலிருந்தும் ஆட்கள் வந்து ஓட்டினார்கள்.

எங்கள் பட்டறை ஃபியட் நாலாவது சுற்றில் புகை கக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாத ராத்திரி வேலை பத்து நிமிடத்தில் போயிற்று. ஆனாலும் திரும்பி வரும்போது நான் நடக்கவில்லை, பறந்தேன்.

இனி எழுதப்போவதை இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதில்லை.

1982 பிப்ரவரியில் இரண்டாவது முறையும் சோழவரம் போனேன். அந்தக் கோடையில் லீவில் ஊருக்கு வந்தேன். கொடைக்கானலில் நண்பன் ஒருவனிடம் எஸ்டி மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அதை இரவல் வாங்கிக்கொண்டு, சித்தப்பா மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பூம்பாறைக்குக் கிளம்பினேன். அவனுக்குப் பதினேழு வயது. சோழவரத்தில் எப்படித் திருப்புவார்கள் என்று அவனுக்குக் காட்ட வேண்டும். அதுதான் என் மனதில் இருந்தது.

நம் பாதையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்யாவிட்டாலும் மேகம் இறங்கினால் ரோடு நனைந்துவிடும். மரத்தடியில் விழுந்து கிடக்கும் இலையும் ஊசிகளும் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். நாலைந்து வளைவுகளை ரேஸ்காரன் மாதிரி சாய்ந்து திரும்பினேன். பின்னாலிருந்து தம்பி, "அண்ணே, மெதுவா" என்று முதலில் சொன்னான். பிறகு சொல்லவில்லை. என் தோளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடுத்த வளைவில் எதிரே ஒரு மாடு. பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் வழுக்கி, வண்டி எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய் மண்மேட்டில் மோதியது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தம்பிக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கீழே கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். ஆறு மாதம் படுக்கையில் இருந்தான். கால் சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்தது. போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று தினமும் ஓடிப் பழகிக்கொண்டிருந்த பையன் அவன். இன்றும் பூண்டு வயலில் வரப்பு ஏறும்போது ஒரு பக்கம் சாய்ந்துதான் ஏறுகிறான். நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட "உன்னாலதானே" என்று அவன் என்னைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுமை குறைந்திருக்கும்.

என் அப்பா லாரி டிரைவர். முதல் உலகப்போர்க் காலத்தில் வெட்டிய அந்த மலைப்பாதையில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு. பூண்டு என்றால் வடுகபட்டிச் சந்தைக்கு. எப்போதாவது லோடு கிடைத்தால் சென்னைக் கொத்தவால்சாவடி வரை. ஒரு தடவைகூட வண்டியைக் கவிழ்த்ததில்லை, ஒரு ஆளைத் தொட்டதில்லை. நான் தம்பியின் காலை உடைத்தபோது அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று மாதம் என்னுடன் பேசவில்லை. அவ்வளவுதான்.

1983 பிப்ரவரியில் அப்பா லோடோடு கொத்தவால்சாவடிக்கு வந்தார். சரக்கு இறக்கிய பிறகு திரும்பிப் போக லோடு கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக்கு வந்து, "அந்தச் சோழவரத்தை எனக்குக் காட்டு" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்னைக் கெடுத்த இடம் என்று அங்கே வைத்து ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது பேச்சே இல்லை. வேலிக்குப் பின்னால் நின்றோம். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பீடி பற்றவைக்காமல் கையிலேயே வைத்தபடி பார்த்தார்.

ஃபியட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோரும் முன்னால் போகிற இரண்டு வண்டிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். அப்பா பார்த்தது பின்னால் வந்த ஒரு பச்சை வண்டியை. "அந்தாளைப் பாரு" என்றார். "ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல பிரேக் பிடிக்கிறான், அதே இடத்துல திருப்புறான். ஒரு சாண் மாறலை. மத்தவனெல்லாம் வளைவுக்குள்ள வந்தப்புறம் பிரேக்கைத் தேடுறான். இவன் வளைவுக்கு முன்னாடியே வேலையை முடிச்சிடுறான்." சுற்றுகள் போகப் போக முன்னால் போன வண்டிகளில் ஒன்று சூடேறி நின்றது. இன்னொன்று சுழன்று வைக்கோலில் ஏறியது. பச்சை வண்டி ஜெயிக்கவில்லை. ஆனால் முழுசாக வந்து சேர்ந்தது. அப்பா அதற்குக் கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் திரும்பி நடக்கும்போது பேசினார். "நான் தப்பா நினைச்சிருந்தேன்டா. இவனுக எல்லாம் சாகத் துணிஞ்சவன்னு நினைச்சேன். அப்படியில்லை. தலைக்குத் தொப்பி போடுறான், பெல்ட் போடுறான், எதிர்ல வண்டி வராதுன்னு தெரிஞ்ச இடத்துல ஓட்டுறான். மாடு வராது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வராது. வேகத்துக்குன்னு ஒரு இடம் ஒதுக்கி வச்சிருக்கான். நீ செஞ்ச தப்பு வேகமாப் போனது இல்லை. அதை எங்க செய்யணும்னு தெரியாம செஞ்ச."

பிறகு, "பின்னாடி ஒருத்தன் உக்காந்திருந்தான்கிறதையும் மறந்துட்ட" என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் சாகும்வரை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் நான் மதுரைக்கு வந்து பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். முப்பத்து நாலு வருட சர்வீஸ். டெப்போவில் புது டிரைவர்கள் மலைப் பாதைக்கு வரும்போதெல்லாம் அப்பா எனக்குச் சொன்னதை அவர்களுக்குச் சொல்வேன். எந்த கியரில் ஏறுகிறாயோ அந்த கியரிலேயே இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, வேண்டிய இடத்தில் பிடிக்காது. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. சோழவரத்தில் பச்சை ஃபியட்காரர் செய்ததும் கிட்டத்தட்ட அதேதான் என்று இப்போது தோன்றுகிறது.

சோழவரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் பெருகப் பெருக, வண்டிகளின் வேகமும் கூடக் கூட, வைக்கோல் கட்டும் சவுக்கு வேலியும் போதாது என்று ஆயிற்று. கிளப்காரர்கள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1990இல் முறையான தடம் கட்டி முடித்தார்கள். பந்தயங்கள் அங்கே போயின. கரிவரதன் 1988இல் மாருதி என்ஜினைப் போட்டு, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அதுவரை பணக்காரர்கள் மட்டும் உட்கார முடிந்த இருக்கையில் மற்றவர்களும் உட்கார வழி பிறந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிபாளையத்தில் இருக்கும் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே. என் பேரன் போக வேண்டும் என்று அடம்பிடிப்பது அங்கேதான்.

கோயம்புத்தூர் ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அவர் மகன் நரேன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இந்து சந்தோக்கின் பேரன் கருண் 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அந்தப் பொட்டல் ஓடுதளத்தில் நின்றவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

பேரனுடன் மாடியில் உட்கார்ந்திருந்த ராத்திரியில் அவன் எனக்கு லெ மான் பற்றிச் சொன்னான். பிரான்சில் 1923இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம். இப்படிப்பட்ட பந்தயங்களுக்கெல்லாம் அதுதான் தாய். அங்கே பழைய நாட்களில் டிரைவர்கள் ரோட்டின் ஒரு பக்கம் நிற்பார்கள், கார்கள் எதிர்ப்பக்கம் நிற்கும். கொடி அசைத்ததும் ஓடிப்போய் ஏறிக் கிளப்ப வேண்டும். அவசரத்தில் பலர் பெல்ட்டே போடாமல் கிளம்புவார்கள். 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டு இளைஞர் இது முட்டாள்தனம் என்று காட்டுவதற்காக, எல்லோரும் ஓடும்போது தான் மட்டும் நடந்து போனார். நிதானமாக ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகக் கிளம்பினார். அன்று முதல் சுற்றிலேயே ஜான் வூல்ஃப் என்பவர் விபத்தில் இறந்தார். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. இருபத்து நாலு மணி நேரம் கழித்து முதலில் வந்தது யார் தெரியுமா? நடந்து போன இக்ஸின் கார்தான். வித்தியாசம் ஏறக்குறைய 120 மீட்டர். அடுத்த வருடத்திலிருந்து அந்த ஓட்டம் நின்றுபோனது.

அதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. லெ மானைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இக்ஸைப் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

என் பங்குக்கு நான் ஒரு கதை சொன்னேன். 1968 நவம்பரில் லண்டனில் கிளம்பி, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து, பம்பாயில் கப்பல் ஏறி, ஆஸ்திரேலியாவில் இறங்கி சிட்னி வரை ஒரு பந்தயம் நடந்தது. முடிவுக்குச் சற்று முன்பு வரை முதலில் வந்துகொண்டிருந்த சிட்ரோயன் காரின் மேல் எதிரே வந்த வேறொரு கார் மோதிவிட்டது. ஜெயித்தது ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன் ஓட்டிய ஹில்மேன் ஹண்டர். சாதாரணக் குடும்பக் கார். நம் ஊரில் வக்கீல்கள் வைத்திருந்த பழைய ஹில்மேன் இருக்கிறதே, அந்தக் கம்பெனிதான்.

பேரன் இன்னொன்றும் சொன்னான். நரேன் 2009இல் லெ மானுக்குப் போய், பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் தோள்பட்டை விலகி, ஓட்ட முடியாமல் போனது. 2012இல் கருண் சந்தோக் அங்கே ஓட்டினார், அவர் அணி ஆறாவதாக வந்தது. துபாயில் அஜித்தும் பயிற்சியின்போது காரைத் தடுப்பில் மோதினார். கார் உருக்குலைந்தது, அவருக்குக் காயமில்லை. நீண்ட பந்தயத்தில் அணிக்கு எது நல்லது என்று யோசித்து, தன் அணியின் அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். அந்தக் கார் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேரன் மாடியிலிருந்து போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் பறந்தன.

மகளுக்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. லெ மானிலேயே 1955இல் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆபத்தில்லாத விளையாட்டு என்று நான் எப்படிச் சொல்வேன்? வேண்டாம் என்றால், என் பதினேழு வயதுத் தம்பியை வைத்துக்கொண்டு நான் செய்ததை நாளை அவனும் ஏதாவது ஒரு ரோட்டில் செய்யமாட்டான் என்று யார் சொல்ல முடியும்? வேகத்தின் மேல் வந்த ஆசை, அப்பா சொன்னார் என்பதற்காகப் போய்விடாது. எனக்குப் போகவில்லையே.

மாட்டுப் பொங்கல் அன்று பேரனைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். குழந்தை வேலப்பர் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே அவன் வீடு. திண்ணையில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தான். பேரனிடம், "சின்னத் தாத்தாவோட கால் ஏன் அப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. தம்பி எதிரில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். மாடு, ஈர ரோடு, "அண்ணே, மெதுவா" என்று அவன் சொன்னது, நான் கேட்காதது. பேரன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தம்பியிடம் கேட்டேன். "இவன் ரேஸ் பழகப் போறேங்கிறான். நீ சொல்லு. விடலாமா?"

அவன் ஒரு பூண்டை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். "ரோட்டுல ஓட்டுறதுக்கு அங்க ஓட்டட்டும்ணே" என்றான். "ஆனா ஒண்ணு. பெல்ட்டு, தொப்பி எல்லாம் சரியாப் போடுறானான்னு கூட ஒரு ஆள் போய்ப் பார்க்கணும்."

"நான் போறேன்" என்றேன்.

"நானும் வரேன்" என்றான். "பெரியப்பாவைக்கூடக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுன. எனக்குத்தான் இன்னும் காட்டலை."

சித்திரையில் பள்ளிக்கூட லீவு விட்டதும் மூன்று பேரும் செட்டிபாளையம் போகிறோம். மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசுவாள். எங்கள் அப்பாவே மூன்று மாதத்தில் பேசிவிட்டார்.